நீர்சார் வீதி நாடகம்

நீர்சார் வீதி நாடகம் என்பது ஓர் ஊரின் குளம், ஏரி, கிணறு, ஆறு, கழிமுகம் முதலிய நீர்நிலைகளைப் பற்றிய அறிவையும் மதிப்பையும் வளர்க்கும் நோக்குடன், கலைஞர் குழு ஒன்று ஊர் ஊராகச் சென்று, திறந்த வெளியில், பார்வையாளரையும் பங்கேற்கச் செய்து நடத்தும் நாடக வகையாகும். தமிழில் இது தனிப்பெயரும் தனி இலக்கணமும் பெற்ற கலைவடிவம் அன்று. மழை வேண்டி நிகழ்த்தப்பெறும் ஊர்ச் சடங்குகள், தெருக்கூத்து, 1980களில் பரவிய அரசியல் வீதி நாடகம், அறிவியல் இயக்கங்களின் கலைப்பயணம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது இது. இக்கட்டுரை தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றில் இவ்வகை நிகழ்த்துகலை வளர்ந்த முறையையும், அதன் களங்களுள் ஒன்றாகிய புதுச்சேரிக் கடற்கரையின் நீர்நிலையையும், குறிப்பாக வீராம்பட்டினம் பகுதியையும் விளக்குகிறது.

பெயர்

தமிழ்நாட்டில் 'வீதி நாடகம்', 'தெரு நாடகம்' என்னும் சொற்களும், இலங்கையில் 'தெருவெளி நாடகம்', 'தெருவெளி அரங்கு' என்னும் சொற்களும் வழங்குகின்றன. தெருக்கூத்தும் தெருவில் நிகழ்வதே எனினும் அதனை வீதி நாடகம் என அழைப்பதில்லை. தெருக்கூத்து இரவு முழுதும் நடைபெறும், ஒப்பனையும் இசையும் மிகுந்த மரபுக்கலை. வீதி நாடகம் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் முடிவது. ஒப்பனையோ மேடையோ இன்றி நடைபெறுவது. நீர் பற்றிப் பேசும்போது இவ்விரண்டும் ஒன்றை ஒன்று கடன் வாங்கிக்கொள்வதால், இரண்டையும் சேர்த்தே காண்பது பொருத்தமாகும்.

மழை வேண்டும் சடங்குகள்

ஊர் சுற்றி வருதல், திறந்தவெளி, பார்வையாளர் பங்கேற்பு ஆகிய மூன்றும் பொருந்திய நீர் நிகழ்த்துகலை தமிழகச் சிற்றூர்களில் வீதி நாடகத்திற்குப் பல காலம் முன்பே இருந்துள்ளது. மழை பொய்த்த ஆண்டுகளில் நடைபெறும் மழைச்சோற்று நோன்பு இதற்குத் தக்க சான்று. இதில் ஊரார் பானையுடன் வீடு வீடாகச் சென்று உப்பில்லாத சோற்றைக் கேட்டு வாங்குவர். எல்லா வீட்டுச் சோறும் ஒரே பானையில் சேரும். பின்னர் ஊர்ப் பொதுவிடத்தில் அதனைப் பகிர்ந்து உண்பர். பஞ்சம் வந்துவிட்டால் ஊரே இரந்து உண்ணும் நிலை ஏற்படும் என்பதை வானத்திற்கு நடித்துக் காட்டும் செயலாக இதனைக் கொள்ளலாம். அந்தக் காட்சியைக் கண்டு மனம் இரங்கி மழை பெய்யும் என்பது நம்பிக்கை. இங்குப் பார்வையாளர் என்று தனியாக எவரும் இலர். கதவைத் திறந்து ஒரு கரண்டி சோறு இடுபவரும் நடிகராகிவிடுகிறார்.

கொடும்பாவி கட்டி இழுத்தல் மற்றொரு சடங்கு. ஊரில் எவரோ செய்த கொடும் பாவத்தினாலேயே மழை பெய்யவில்லை எனக் கருதி, வைக்கோல் முதலியவற்றால் ஓர் உருவம் செய்து, அதனைத் தெருத்தெருவாக இழுத்துச் செல்வர். பறை முழங்க, ஒப்பாரி பாடப்பெறும். ஊர் எல்லையில் பிணத்திற்குரிய முறைகளோடு அது எரிக்கப்படும். எதிர்ப்பு ஊர்வலங்களில் அரசியல் தலைவர்களின் உருவங்களைக் 'கொடும்பாவி' என்னும் பெயரிலேயே எரிப்பது இச்சடங்கின் வழி வந்த வழக்கமாகும். வீதி நாடகக் குழுக்கள் பின்னாளில் ஊர்வலத்தையும் உருவபொம்மையையும் எடுத்துக்கொண்டபோது, ஊராருக்கு அவை புதியனவாகத் தோன்றவில்லை.

தெருக்கூத்தும் மழையும்

செஞ்சி, விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், புதுச்சேரிப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில் விழாக்களை ஒட்டித் தெருக்கூத்து நடைபெறுகிறது. பகலில் பாரதச் சொற்பொழிவும், இரவில் அதே கதைப்பகுதியின் கூத்தும் என விழா நாட்கள் செல்லும். இவ்விழாக்களை அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டெல் விரிவாக ஆராய்ந்து 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டுள்ளார்.

கூத்து நிகழ்ச்சிகளுள் இரண்டு நீரோடும் வளத்தோடும் தொடர்புடையன. முதலாவது விராட பருவம். பாண்டவர் மறைந்து வாழும் இப்பகுதியைப் படித்தாலோ ஆடினாலோ மழை பெய்யும் என்பது பரவலான நம்பிக்கை. எனவே வறட்சிக் காலத்தில் இக்கூத்தை ஊரார் கேட்டு நடத்துவதுண்டு. இரண்டாவது அர்ச்சுனன் தபசு. களத்தில் நடப்பட்ட உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடமிட்ட கலைஞர் பாடியவாறே ஏறுவார். உச்சியை அடைந்ததும் எலுமிச்சம்பழம் முதலியவற்றைக் கீழே வீசுவார். குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் அதனைப் பெறக் காத்திருப்பர். விழாவின் இறுதியில் வரும் படுகளத்தில் துரியோதனனின் மாபெரும் மண் உருவம் தரையில் அமைக்கப்படுகிறது. போர் முடிந்தபின் அம்மண்ணை வளத்தின் அடையாளமாக ஊரார் வீட்டிற்கு எடுத்துச் செல்வர்.

கூத்தின் பங்கேற்புத் தன்மைக்கு முதற்காரணம் கட்டியங்காரன். அரசனுக்கு அறிவிப்பாளனாகவும், விகடனாகவும், கதைக்கு வெளியே நின்று ஊராரிடம் பேசுபவனாகவும் இப்பாத்திரம் இயங்குகிறது. அத்தினாபுரத்து அரசவையில் நின்றுகொண்டே, அவ்வூர் ஏரி மதகு உடைந்து கிடப்பதையும் குழாயில் நீர் வராததையும் அவன் கேலி செய்யலாம், கதை கெடாது. நீர் பற்றிய விழிப்புணர்வு நாடகங்கள் பலவற்றில் கட்டியங்காரனே மையப் பாத்திரமாக அமைவதற்கு இந்த நெகிழ்ச்சியே காரணம். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் சொல்வதற்குப் பின்னிருப்போர் 'ஆமாம்' போடும் முறையும் இதே பயனுக்காகப் பரப்புரையாளரால் விரும்பப்படுகிறது.

தற்கால வீதி நாடகத்தின் வருகை

வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் (1925–2011) 1970களில் உருவாக்கிய 'மூன்றாம் அரங்கு', மேடை, ஒளியமைப்பு, நுழைவுச்சீட்டு ஆகியவற்றைக் கைவிட்டு, நடிகரின் உடலையும் பார்வையாளரின் அருகமையையும் முதன்மையாகக் கொண்டது. 1980இல் சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிலரங்கு, தமிழில் வீதி நாடகம் வேர்கொள்வதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 1984இல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைக்குழு பிரளயனின் இயக்கத்தில் தொடர்ந்து வீதி நாடகங்களை நிகழ்த்தி வந்துள்ளது.

தில்லியில் 1973இல் அமைந்த ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் சப்தர் ஹாஷ்மி, 1989 சனவரி 1 அன்று தில்லியை அடுத்த சாகிபாபாத் பகுதியில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அவருடைய பிறந்த நாளாகிய ஏப்ரல் 12 இந்தியாவில் தேசிய வீதி நாடக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் வகுத்த 'மன்ற அரங்கு' இத்துறைக்கு வந்த மற்றொரு செல்வாக்கு. இதில் சிக்கல் தீராத நிலையில் நாடகம் நிறுத்தப்படும். பின்னர் மீண்டும் தொடங்கும்போது பார்வையாளர் எவரும் 'நிறுத்து' எனச் சொல்லி, பாத்திரம் ஒன்றின் இடத்தில் தாமே நின்று வேறு முடிவை நடித்துப் பார்க்கலாம். இந்தியாவில் இம்முறையை மேற்கு வங்காளத்தின் ஜன சம்ஸ்கிருதி 1980களின் நடுப்பகுதியிலிருந்து சிற்றூர்களில் கையாண்டு வருகிறது. குழாயடிச் சண்டை, ஏரி நீர்ப் பங்கீடு, ஆழ்குழாய்க் கிணறு போன்ற பொருள்களுக்கு இவ்வுத்தி இயல்பாகவே பொருந்தும். மேல்மடைக்காரரின் இடத்தில் கடைமடைக்காரர் ஒருமுறை நின்று பேசிப் பார்ப்பதற்கு நாடகத்திற்கு வெளியே வாய்ப்புக் குறைவு.

கலைப்பயணம்

நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற பெருமை அறிவியல் இயக்கங்களைச் சேரும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் (தோற்றம் 1962) 1980இல் தொடங்கிய அறிவியல் கலைப்பயணத்தில், கலைஞர் குழு ஒன்று வண்டியில் புறப்பட்டு, ஒரு நாளில் பல இடங்களில் பாட்டும் நாடகமும் நிகழ்த்திச் சென்றது. இம்முறையைப் பின்பற்றி 1987 அக்டோபர் 2 முதல் நவம்பர் 7 வரை நாடு முழுதும் 'பாரத் ஜன் விஞ்ஞான் ஜாதா' நடைபெற்றது. ஐந்து முனைகளிலிருந்து புறப்பட்ட குழுக்கள் போபால் நகரில் ஒன்றுகூடின. நச்சுவாயுக் கசிவு நிகழ்ந்து மூன்றாண்டுகள் நிறைவதற்குள் அந்நகரைத் தேர்ந்தெடுத்தது தற்செயலானது அன்று.

தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் இவ்வடிவத்தைத் தமிழில் வளர்த்தன. 1990ஐ ஒட்டி எழுந்த அறிவொளி இயக்கத்தின்போது கலைப்பயணம் உச்சநிலையை அடைந்தது. எழுத்தறிவே முதன்மை நோக்கமாயினும், பெண்கள் குடத்துடன் நடக்கும் தொலைவு, குடிநீரால் பரவும் நோய்கள், ஊர்க்குளத்தின் நிலை ஆகியவை எழுத்தறிவுப் பாடத்திலிருந்து பிரிக்க முடியாதவையாக இருந்தன. அக்கால அனுபவங்களை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

கலைப்பயணக் குழு என்பது பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து பேர் கொண்டது. பறை, தவில், உடுக்கை போன்ற கருவிகளுள் சில. ஒரே நிறச் சட்டை. கையில் ஒரு துண்டு. அத்துண்டு தலைப்பாகையாகவும், குடமாகவும், ஆறாகவும், பிணத்தின் மீதான போர்வையாகவும் மாறும். ஊருக்குள் நுழைந்ததும் பறையடித்துத் தெருக்களைச் சுற்றி வருவர். சிறுவர் பின்தொடர்வர், அவர்களே முதற் பார்வையாளர். கூட்டம் வட்டமாக அமையும்போது சிறுவரை முன்வரிசையில் அமர்த்துவது எல்லாக் குழுக்களும் கற்றுக்கொண்ட பாடம். இரவு உணவும் தங்குமிடமும் ஊராரின் வீடுகளில். நாடகத்திற்குப் பிந்தைய இந்தப் பேச்சிலேயே உள்ளூர்ச் செய்திகள் கிடைக்கும். அடுத்த நாள் நாடகத்தில் அவை இடம்பெறும்.

புதுச்சேரியின் நாடகச் சூழல்

நாடகத் தந்தை எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் பெயரால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இயங்கி வந்துள்ளது; எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்ககாலப் பொறுப்பில் இருந்தார். நாட்டார் கலை ஆய்வாளரும் பாடகருமான கே. ஏ. குணசேகரன் அங்குப் பணியாற்றினார். புதுச்சேரியைச் சேர்ந்த வேலு சரவணனின் 'ஆழி' குழந்தைகள் நாடகக்குழு பள்ளிகளிலும் சிற்றூர்களிலும் சிறுவரைக் கதைக்குள் இழுத்து நடத்தும் நாடகங்களால் அறியப்படுவது. அக்குழுவின் புகழ்பெற்ற நாடகத்தின் பெயர் 'கடல் பூதம்'. நீர் பற்றிய பரப்புரை இக்குழுவின் நோக்கம் அன்று. ஆயினும் திறந்தவெளியில் சிறுவரோடு எவ்வாறு உரையாடுவது என்பதற்கு இப்பகுதியிலேயே கிடைக்கும் முன்மாதிரியாக இது விளங்குகிறது.

வீராம்பட்டினமும் அதன் நீரும்

வீராம்பட்டினம் புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த பெரிய மீனவர் ஊராகும். செஞ்சி மலைப்பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது பிரிந்து, அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் கடலில் கலக்கிறது. இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான கரையில் இவ்வூர் அமைந்துள்ளது. கிழக்கே கடல், வடக்கிலும் தெற்கிலும் கழிமுகம் என முப்புறமும் உப்புநீர். குடிக்கும் நீர் மணலுக்கு அடியில்.

இந்த அமைப்பின் இயக்கத்தை விளங்கிக்கொள்வது நீர்சார் நாடகத்திற்கு அடிப்படை. கரையோர மணலில் பெய்யும் மழைநீர் கீழிறங்கி, தன்னினும் அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மீது ஒரு வில்லை போல மிதக்கிறது. கிபென்–எர்ட்சுபர்க்கு தொடர்பின்படி, கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கு தலைகீழாகவும் செயற்படும் என்பதே இடர். இறைப்பினால் மேல்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 40 மீட்டர் வரை மேலேறி வர இடமுண்டு. கடற்கரை ஊர்களில் கிணற்று மட்டம் சிறிதளவு குறைந்தவுடன் நீர் கரித்துப்போவதன் காரணம் இதுவே. ஒரு கண்ணாடித் தொட்டி, உப்பும் சாயமும் கலந்த நீர், ஓர் உறிஞ்சுகுழல் ஆகியவை இருந்தால் இதனைத் தெருவில் செய்து காட்ட இயலும். உவர்ப்பு மேலேறும் கணத்தைக் கண்ணால் கண்டவருக்குப் பிறகு விளக்கவுரை தேவைப்படாது.

புதுச்சேரிப் பகுதியின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களில் பெய்துவிடுகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாமையால் குடிநீருக்கும் வேளாண்மைக்கும் தொழிலகங்களுக்கும் நிலத்தடி நீரே பெரிதும் பயன்படுகிறது. வண்டல் படிவுகளும் கடலூர் மணற்கல்லும் இப்பகுதியின் முக்கிய நீர்தாங்கிகள். கரையோரத்தில் உவர்நீர் ஊடுருவல் நெடுநாட்களாகப் பதிவாகி வந்துள்ளது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2002இல் புதுச்சேரி சட்டம் இயற்றியது. அதற்குச் சற்று முன்னர், 1999இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் இப்பகுதியின் பேரேரிகள். ஏரி உள்நாட்டில் இருக்கிறது, கடற்கரைக்காரருக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். நிலத்தடியில் கடலை நோக்கி வரும் நன்னீரின் அழுத்தமே உவர்நீரை வெளியே தள்ளி வைக்கிறது. மேற்கே ஏரி வற்றுவதும் கிழக்கே கிணறு கரிப்பதும் தொடர்பற்ற செய்திகளல்ல.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழ்நாடு, புதுச்சேரிக் கரைகளின் கிணறுகள் பலவற்றை உவர்நீரால் நிரப்பியது. உயிரிழப்பும் படகிழப்பும் கணக்கிடப்பட்ட அளவிற்குக் கிணற்றிழப்பு பேசப்படவில்லை. கரையின் வடிவமும் மாறியுள்ளது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின், தெற்கிலிருந்து வடக்காக நகரும் கடற்கரை மணல் அங்குத் தடைப்பட்டது. தெற்குப் பக்கத்தில், அதாவது வீராம்பட்டினம் பக்கத்தில், மணல் சேர்ந்தது. வடக்கே புதுச்சேரி நகரின் கடற்கரை அரிப்புக்குள்ளானது.

ஊரின் நீர்க்கதைகள்

வீராம்பட்டினத்தின் காவல் தெய்வம் செங்கழுநீர் அம்மன். செங்கழுநீர் என்பது நன்னீர்க் குளங்களிலும் ஓடைகளிலும் பூக்கும் மலர். உவர்நீரில் அது வளராது. கடலை நம்பி வாழும் ஊரின் தெய்வம் நன்னீர் மலரின் பெயரைத் தாங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. கோயில் வரலாறாக வழங்கும் கதையின்படி, வீரராகவர் என்னும் மீனவர் செங்கழுநீர் ஓடையில் வலை வீசினார். மீனுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை அகப்பட்டது. அதனை அவர் மனைவி விறகிற்காகப் பிளக்க முயன்றபோது கட்டையிலிருந்து குருதி வழிந்தது. பின்னர் கனவில் தோன்றிய அம்மனின் ஆணைப்படி அக்கட்டை நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கியது.

இக்கோயிலின் ஆடித் தேரோட்டம் புதுச்சேரியின் பெரிய விழாக்களுள் ஒன்று. வெள்ளிக்கிழமை நடைபெறும் இத்தேரோட்டத்தில் ஆட்சித் தலைவர் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சு ஆட்சிக்காலம் முதல் தொடரும் மரபு. பிரெஞ்சு ஆளுநருக்குப் பின் துணைநிலை ஆளுநர் அவ்விடத்தில் நிற்கிறார். நீர்நிலையை நோக்கித் தெய்வங்களே பயணம் செய்யும் விழா மாசி மகம். அன்று சுற்றுப்புற ஊர்களின் உற்சவ மூர்த்திகள் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எடுத்து வரப்பட்டுத் தீர்த்தவாரி நடைபெறும்.

அண்மையிலுள்ள அரிக்கமேடு, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அமைந்த தொன்மையான வணிகத்தலம். 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு நடத்தி உரோமானிய வணிகத் தொடர்பை உறுதிப்படுத்தினார். அடுத்து ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் கசால் 1949இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில் வீராம்பட்டினம், அரிக்கமேடு என்னும் இரு பெயர்களும் இடம்பெற்றன. மட்கலங்களும் மணிகளும் பெற்ற புகழை அங்குக் கிடைத்த செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் உறைகிணறுகளும் பெறவில்லை. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே இதே மணற்கரையில் உப்புநீருக்கு அருகே நன்னீரைத் தேடி எடுத்திருக்கின்றனர் என்பதற்கு அவையே சான்று.

புதுச்சேரி நகரின் மிகப் பெரிய நீர்க்கதை ஆயி மண்டபத்தைச் சார்ந்தது. உழவர்கரைப் பக்கம் வந்த மன்னர் ஒருவர் (பெரும்பாலும் விசயநகரத்தின் கிருட்டிணதேவராயர் என்பர்) விளக்கொளியில் பொலிந்த மாளிகையைக் கோயில் எனக் கருதி வணங்கினார். அது ஆயி என்னும் கணிகையின் வீடு என அறிந்து வெகுண்டு அதனை இடிக்க ஆணையிட்டார். ஆயி தானே அதனை இடித்து, அவ்விடத்தில் குளம் வெட்டினாள். பிற்காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டபோது, அதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இன்றைய பாரதி பூங்காவில் வெண்ணிற மண்டபம் எழுப்பப்பட்டது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அம்மண்டபமே உள்ளது. மண்டபத்தைப் படம் எடுப்போர் பலருக்கு அது குடிநீருக்கான நினைவுச்சின்னம் என்பது தெரிவதில்லை. இழிவுபடுத்தப்பட்ட பெண் ஊருக்குக் குளம் தந்தாள் என்பதைவிட நாடகத் தன்மை மிகுந்த கதை இப்பகுதியில் அரிது.

மீனவரின் நீரறிவும் நாடகத்திற்குரிய செல்வமே. கடலின் நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் திசைக்கேற்பப் பெயரிட்டு, அதனால் நீரின் நிறமும் கலக்கமும் மாறுவதை அறிவர். மழைக்காலத்தில் ஆற்றுநீர் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலில் புகும்போது மீன்வரத்து மாறும். நன்னீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்று உள்நாட்டில் சொல்லப்படும் வாசகம் கழிமுகத்தில் இறால் பிடிப்பவரிடம் எடுபடாது. வெளியிலிருந்து வரும் குழுக்கள் இதனை அறியாமல் பாடினால், திருத்தம் கூட்டத்திலிருந்தே வரும்.

யாருடைய நீர்

உள்ளூர் நீரைப் போற்றும் நாடகம் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி, அந்நீர் எல்லாருக்கும் உரியதாக இருந்ததா என்பது. ஊர்க்கிணறும் குளமும் பெரும்பாலான சிற்றூர்களில் தலித் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1927இல் அம்பேத்கர் மகாத் குளத்தில் நீர் அருந்தி நடத்திய போராட்டம் இந்திய வரலாற்றின் புகழ்பெற்ற நீர்ப் போராட்டமாகும். பொதுவெளியில் பலர் முன்னிலையில் ஒரு கை நீரை அள்ளிக் குடித்த அச்செயலின் ஆற்றல் எந்த நாடகத்திற்கும் குறைந்ததன்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான மேல்நிலை நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்ட செய்தி, இச்சிக்கல் பழங்கதை அன்று என்பதைக் காட்டியது. 'அக்காலத்தில் ஊரே ஒன்றுகூடிக் குளத்தைக் காத்தது' என்று தொடங்கும் பாட்டை ஊரின் எல்லாத் தெருக்களிலும் ஒரே குரலில் பாட இயலாது. ஆட்டம் எந்தத் தெருவில் நடைபெறுகிறது என்பதும் பொருள் உடையதே. ஊர்த்தெருவில் மட்டும் ஆடிவிட்டுத் திரும்பும் குழு, பாதி ஊருக்கே ஆடியதாகும்.

அரசுப் பரப்புரையும் திறனாய்வும்

2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இதனையொட்டிப் பேரணி, நாட்டுப்புறக் கலைநிகழ்ச்சி, வீதி நாடகம் ஆகியவை அரசுத் துறைகளின் வழக்கமான பரப்புரைக் கருவிகளாயின. இதனால் நாட்டுப்புறக் கலைஞருக்கு வருவாய் கிடைத்தது. மறுபுறம், நாடகத்தின் கூர்மை குறைந்தது. துறை அளிக்கும் வாசகத்தைக் கட்டியங்காரன் ஒப்பிக்கும்போது அவன் கட்டியங்காரனாக இருப்பதில்லை. குழாயை மூடுங்கள், குளிக்க வாளியைப் பயன்படுத்துங்கள் என்று மக்களை நோக்கியே அறிவுரைகள் அமைந்தன. ஆழ்குழாய்க் கிணறுகளின் எண்ணிக்கை, தொழிலகங்களின் நுகர்வு, வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பு ஆகியவை அத்தகைய நாடகங்களில் அரிதாகவே பேசப்பட்டன. ஏற்கனவே ஒரு குடத்திற்கு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் சிக்கனம் பற்றிப் பாடுவது பொருத்தமற்றது என்னும் குறையும் உண்டு.

விளைவை அளப்பதும் எளிதன்று. ஒரு மாலை நேர நாடகத்தால் நிலத்தடி நீர்மட்டம் உயர்வதில்லை. ஆடிய இரவிற்குப் பின் ஊரில் என்ன நிகழ்கிறது என்பதைக் குழு அறிவதற்கு அவ்வூருக்கு மீண்டும் செல்ல வேண்டும். அறிவொளிக் காலத்தில் கலைப்பயணம் பலன் அளித்ததற்கு, நாடகம் முடிந்த மறுநாளே ஊரில் ஒரு தன்னார்வலர் பலகையுடன் காத்திருந்தார் என்பதே காரணம். அத்தகைய தொடர்ப்பணி இல்லாத இடங்களில் நாடகம் பொழுதுபோக்காகவே நின்றுவிட்டது.

இலங்கை

ஈழத்தமிழர் நடுவே தெருவெளி அரங்கு 1980களில் இனப்போர்ச் சூழலில் வளர்ந்தது. நீர் அதன் முதன்மைப் பொருளாக இருக்கவில்லை. எனினும் யாழ்ப்பாணக் குடாநாடு முற்றிலும் சுண்ணக்கல் பாறையில் தங்கும் மழைநீரையே நம்பியிருப்பது. மேலே குறித்த நன்னீர் வில்லையே அங்கும் கிணறுகளை நிரப்புகிறது. வேளாண் உரங்களின் நைத்திரேற்றும், சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கண்டறியப்பட்ட கழிவெண்ணெயும் 2010களில் அங்குப் பெரும் பொது விவாதத்தை எழுப்பின.

நிகழ்த்தும் பருவம்

தெருக்கூத்தும் வீதி நாடகமும் தை முதல் ஆடி வரையான வறண்ட மாதங்களிலேயே பெரிதும் நடைபெறுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஏரி நிரம்பும்போது திறந்தவெளியில் ஆட இயலாது. இதனால் நீர் பற்றிய நாடகங்கள் பெரும்பாலும் நீர் இல்லாத குளக்கரையிலேயே ஆடப்படுகின்றன. வறண்ட குளத்தின் உட்புறமே சிறந்த ஆடுகளமாக அமைவதும் உண்டு. கரையின் சரிவு இருக்கையாகிவிடும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு கணக்கும் உள்ளது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் விதிக்கப்படும் மீன்பிடித் தடை முன்னர் 45 நாட்களாக இருந்து, 2017 முதல் 61 நாட்களாக உயர்த்தப்பட்டு, சூன் 14 வரை நீடிக்கிறது. விசைப்படகுத் தொழிலாளர் மாலை வேளையில் ஊரில் இருக்கும் காலம் அது. கிணறுகள் மிகவும் கரிக்கும் காலமும் அதுவே.